ஙா ஏறிய தப்பான பஸ்

புனேவில் ஸ்கூட்டர் ஓட்டும் பெண்களின் முகத்தை யாரும் பார்க்க முடியாது. துப்பட்டாவைத் தலை, நெற்றி, மூக்கு, கழுத்து என்று சுற்றிப் பின்னால் முடிச்சுப் போட்டு, மிச்சம் இருக்கிற கண்ணுக்கும் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிடுவார்கள். வெயிலுக்கும் தூசிக்குமாம். முதன்முதலாக இந்த ஊருக்கு வந்தபோது, ஏதோ வங்கியைக் கொள்ளையடிக்கக் கூட்டமாகக் கிளம்பிவிட்டார்கள் என்றே நினைத்தேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இன்றைக்கும் நாங்கள் இருக்கும் ஹடப்சரில், சிக்னலில் என் மனைவி செல்வியே பக்கத்தில் வந்து நின்றாலும் எனக்கு அடையாளம் தெரிவதில்லை. அவள் ஹாரன் அடித்துத் திட்டினால்தான் தெரியும்.

அப்படிச் சுற்றிக்கொண்ட ஓர் உருவம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தது. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, மாடி அறை வாடகைக்கு என்று போர்டு மாட்டியிருந்தோம். எனக்குத் தெரிந்த மராத்தி முழுவதையும் அந்த உருவத்திடம் செலவழித்தேன். தண்ணீர் காலையில் மட்டும்தான் வரும், துணியை மொட்டைமாடியில் காயப்போடலாம், மீன் குழம்பு வைக்கலாம், ஆனால் எங்களுக்குக் கொடுக்காமல் சாப்பிடக் கூடாது என்று சொல்லிச் சிரித்தேன். எல்லாவற்றுக்கும் தலை ஆடியது. கடைசியில் துப்பட்டாவை அவிழ்த்தால் உள்ளே ஒரு வியட்நாம் பெண். "சாரி அங்கிள், ஒன்லி இங்கிலீஷ்" என்றாள். அவள் நாட்டிலும் மோட்டார் சைக்கிளில் போகும் பெண்கள் இப்படித்தான் போர்த்திக்கொள்வார்களாம். வந்து ஒரு வாரத்தில் அவள் புனேக்காரி ஆகிவிட்டாள். நான் இன்னும் மதராஸி.

பெயர் ஙா. நான் சாத்தூர்ப் பள்ளியில் படித்தபோது, ங வரிசைக்கு மட்டும் புத்தகத்தில் ஒரு படமும் இருக்காது. அந்த எழுத்தில் ஆரம்பிக்கிற ஆடு மாடு எதுவும் உலகத்தில் இல்லை என்று வாத்தியார் சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் கழித்து அந்த எழுத்தில் ஆரம்பிக்கிற ஓர் ஆள் என் வீட்டு மாடியில் குடியேறினாள். பக்கத்து வீட்டு மராத்திக்காரர்கள் அவளை நிகா, நாகா என்றெல்லாம் கூப்பிட்டார்கள். நானும் செல்வியும்தான் சரியாகச் சொன்னோம். தமிழனாகப் பிறந்ததற்கு ஹடப்சரில் எனக்குக் கிடைத்த ஒரே சலுகை அது.

இருபத்தாறு வயது. இங்கே ஐ.டி. அலுவலகம் ஒன்றில், வியட்நாமிலிருந்து போனில் கூப்பிடுகிறவர்களுக்கு அவர்கள் மொழியில் பதில் சொல்லும் வேலை. வாரம் முழுவதும் பேசித் தீர்ப்பாள். சனிக்கிழமை விடிந்தால் ஒரு சின்னப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். ஒரு வாரம் மலைக்கோட்டை, ஒரு வாரம் கொங்கணக் கடற்கரை, ஒரு வாரம் பெயர் தெரியாத ஏதோ ஒரு தாலுகா. கூட யாரும் கிடையாது. தெருவே அதிர்ந்துபோனது. எதிர்வீட்டு அம்மாள் கேட்டில் சாய்ந்துகொண்டு "ஏக்டி?" என்பாள். தனியாகவா என்று அர்த்தம். ஙா உற்சாகமாக "ஏக்டி!" என்பாள். இதையே வாழ்த்து என்று நினைத்துக்கொண்டு அவளும் அந்த அம்மாளைப் பார்க்கும்போதெல்லாம் "ஏக்டி!" என்று கையாட்ட ஆரம்பித்தாள். விதவையான அந்த அம்மாள் ஒரு மாதம் பேசவில்லை.

தனியாகப் போவது என்றால் என்ன என்று எனக்கும் தெரியாது. நான் சாத்தூரை விட்டுக் கிளம்பிய அன்று பாதித் தெரு ரயிலடிக்கு வந்தது. மதுரை வரை சித்தப்பா கூட வந்தார். மதுரையில், சோலாப்பூரில் ஜவுளி யாவாரம் பார்க்கும் ஒருவர் கையில் என்னை ஒப்படைத்தார். அவர் சோலாப்பூரில் இறங்கும்போது, எதிர் சீட்டில் இருந்த மிலிட்டரிக்காரரிடம் "பையன் புதுசு, பூனாவுல எறக்கி விட்டுருங்க" என்று மாற்றிவிட்டார். புனே ஸ்டேஷனில், இங்கே வேலையிலிருந்த அத்தான் வந்து கையெழுத்துப் போடாத குறையாக என்னை வாங்கிக்கொண்டார். பார்சல் சேதமில்லாமல் வந்து சேர்ந்தது. வழியில் என்ன பார்த்தேன் என்று கேட்டால் எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

செல்வி ஒருநாள் ஙாவை உட்காரவைத்து தோசை போட்டுக்கொண்டே கேட்டேவிட்டாள். செல்வி பேசுவது பாதி இந்தி, பாதி சாத்தூர். ஙா பேசுவது இங்கிலீஷ். நடுவில் நான் மொழிபெயர்ப்பு.

"ஏம்மா, பாஜி மார்க்கெட்டுல காய் வாங்கக்கூட நான் எதிர்வீட்டு அக்காவத் துணைக்கு ஸ்கூட்டர்ல ஏத்திக்கிட்டுத்தான் போவேன். நீ ஏன் இப்படி ஒத்தையில அலையிற?"

ஙா தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். அவள் ஊர், வியட்நாமில் 'நாம் தின்'. அம்மாவுக்கு அங்கே நூடுல்ஸ் சூப் கடை. அப்பா சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். ஙா மூத்தவள், கீழே மூன்று பேர். கிண்ணம் தூக்கத் தெம்பு வந்த நாளிலிருந்து கிண்ணம் தூக்கினாள். அவள் செய்கிற ஒவ்வொரு தப்புக்கும் வீட்டில் யாராவது ஒருவர் பட்டினி கிடப்பார்கள் அல்லது அழுவார்கள். அதனால் தப்பே செய்யாமல் வளர்ந்தாள். முதல் வேலை கிடைத்ததும் லீவு போட்டு வடக்கே மலைப்பக்கம் தனியாகக் கிளம்பினாள். போன இடத்தில் தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டாள். எங்கேயோ ஒரு வளைவில் இறக்கிவிட்டார்கள். மழை. சுற்றிலும் சோளக்காடு. பயந்துபோய், யார் திட்டப்போகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாளாம். யாருமில்லை.

"யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆன்ட்டி. நான் மட்டும் நனைந்தேன். அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன். அன்றைக்குத்தான் எனக்கு என்னைப் பிடித்தது."

அதிலிருந்து எங்கே போனாலும் ஒரு பஸ்ஸாவது போர்டைப் பார்க்காமல் ஏறுவாளாம். அதற்காகவே சம்பாதிக்கிறாளாம். நான் இதைச் செல்விக்குச் சொன்னேன். செல்வி இரண்டாவது தோசையைத் தட்டில் போட்டுவிட்டு என்னிடம் மெதுவாக, "புள்ளைக்கு போர்டு படிக்கத் தெரியல போல. பாவம்" என்றாள்.

இந்த நேரத்தில்தான் ஙாவுக்குப் பத்து நாள் லீவு கிடைத்தது. தமிழ்நாட்டுக்குப் போகிறேன், மதுரையும் உங்கள் சாத்தூரும் பார்க்க வேண்டும் என்றாள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. "ஆனால் தனியாக" என்று விரலைத் தூக்கிச் சொன்னாள். இருவரும் பலமாகத் தலையாட்டினோம். அவள் மாடி ஏறி முடிப்பதற்குள் செல்வி போனை எடுத்துவிட்டாள்.

நம் ஊரில் ஒருவர் கிளம்பினால் முன்கூட்டியே 'சொல்லிவிடுவது' என்று ஒன்று உண்டு. அதற்கு அழைப்பும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். சேலம் ஸ்டேஷன் பக்கம் இருக்கிற ஒன்றுவிட்ட அக்காவுக்குச் சொன்னாள். மதுரையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் தன் தம்பி முருகேசனுக்குச் சொன்னாள். சாத்தூரில் யாருக்குச் சொல்லவில்லை என்று கேட்பதுதான் சுலபம். கூடவே "அவளுக்குத் தெரியக் கூடாது, தனியாப் போறதா நெனச்சுக்கிட்டுத் திரியட்டும்" என்று ஒரு உத்தரவும் போனது. நானும் தடுக்கவில்லை. கோச் நம்பரை எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

ஙாவிடமிருந்து மெசேஜ்கள் வந்தன. ரயிலில் ஒரு பெண்மணி ஏறி, சூடாக இட்லி கொடுத்துவிட்டு உடனே இறங்கிப் போய்விட்டாராம். மதுரையில் லேசாகத் தூறினதும் ஒருவர் குடையோடு வந்து நின்றாராம். எந்தக் கடையில் நுழைந்தாலும் அவளுக்கு முன்னாலேயே நாற்காலி துடைத்திருக்கிறதாம். 'உங்கள் ஜனங்களைப் போல அன்பானவர்களை நான் பார்த்ததே இல்லை' என்று எழுதியிருந்தாள். அதை நான் வேலை பார்க்கும் ஃபேக்டரியில் எல்லோருக்கும் காட்டினேன். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பஸ்ஸில் ஏறினாள். அது நத்தம் போகிற பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று முகத்தில் அடிக்க ஆரம்பித்ததும், அந்தப் பழைய சந்தோஷம் வந்துவிட்டதாம். ஊமச்சிகுளத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பைக் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு பஸ்ஸை முந்திக் குறுக்கே நின்றது. குடைக்காரர். முருகேசன்தான். கண்டக்டரிடம் சண்டை போட்டு, படியில் ஏறி, பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

"மேடம்! எறங்குங்க மேடம்! ராங் பஸ்! சாத்தூருக்கு அந்தப் பக்கம்! நான் பூனா செல்வி அக்கா தம்பி!"

செல்வி என்ற பெயரைக் கேட்டதும் ஙாவுக்கு இட்லி, குடை, நாற்காலி எல்லாம் வரிசையாகப் புரிந்துவிட்டது. பஸ்ஸிலிருந்தவர்கள் அவள் ஊர் போய்ச் சேர வேண்டுமே என்று ஆளுக்கொரு கை கொடுத்து, பையோடு இறக்கிவிட்டார்கள்.

சாத்தூர் போகாமலேயே திரும்பி வந்தாள். எங்கள் சமையலறை வாசலில் பையை இறக்காமல் நின்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அது என் பஸ்" என்றாள்.

அவ்வளவுதான். பிறகு, மாதக் கடைசியில் வேறு அறை பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். செல்விக்கு இதை மொழிபெயர்க்க எனக்கு வாய் வரவில்லை. அவளாகவே புரிந்துகொண்டு அழுதுவிட்டாள். "வயசுப்புள்ளைய ஒத்தையில விட்டுட்டு நான் எப்படிங்க தூங்குறது? கேளுங்க அவகிட்ட."

கேட்டேன். ஙாவின் முகம் கொஞ்சம் இளகியது. "என் அம்மாவும் இதையேதான் சொல்கிறார். அதனால்தான் நான் புனேவுக்கு வந்தேன்."

இதை நான் தமிழில் சொன்னபோது செல்வி அழுகையை நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு பல நாள் அவள் யாருக்கும் போன் செய்யவில்லை. மாடியிலிருந்து ஙா இறங்கினால், கேஸ் அடுப்பில் ஏதோ வேலை இருப்பதுபோலத் திரும்பிக்கொள்வாள். மகளைக் கட்டிக்கொடுத்தபோதுகூட அவள் இவ்வளவு வாடி நான் பார்த்ததில்லை. எனக்கும் வருத்தம்தான். அந்தப் பெண் போய்விட்டால் வீடு வெறிச்சோடிவிடும் என்று இருந்தது.

மாதம் முடிய இருந்த ஒரு சனிக்கிழமை, ஙா பையோடு படியிறங்கினாள். செல்வி புளியோதரைப் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கேட்டருகே நின்றிருந்தாள்.  எங்கே போகிறாய் என்று இங்கிலீஷில் கேட்க நான்தான் "வேர்..." என்று ஆரம்பித்தேன். செல்வி என் கையில் ஒரு அடி வைத்தாள்.

"கெளம்புறவள எங்க போறேன்னு கேக்கக் கூடாது. போற காரியம் வெளங்காது. இதுகூடத் தெரியாதா ஒங்களுக்கு?"

ஙா என்னைப் பார்த்தாள். மொழிபெயர்த்தேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

"நிஜமாகவே உங்கள் ஊரில் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறதா?"

"இருக்கு. ரொம்பக் காலமா இருக்கு" என்றாள் செல்வி.

"முதலிலேயே சொல்லியிருக்கலாமே, ஆன்ட்டி!"

சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டாள். செல்வியின் முதுகுக்குப் பின்னால் கைவிட்டுப் பொட்டலத்தை எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு, துப்பட்டாவை முகத்தில் சுற்றி, தெருமுனையில் ரிக்‌ஷாவுக்குக் கை காட்டினாள். ரிக்‌ஷா எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்காமல் இருக்க, செல்வி உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் போனில் ஒரு படம் வந்தது. சேற்று ரோடு, நாலு எருமை, வானம். ஊர் பேர் இல்லை. கீழே இரண்டு வரி: 'தொலைந்துவிட்டேன். ரொம்ப சந்தோஷம். திங்கட்கிழமை வருவேன், அறையை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.'

செல்வி படத்தைப் பெரிதாக்கினாள். எருமைக்குப் பின்னால் ஒரு மைல்கல் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினால் படித்துவிடலாம். அவள் கட்டைவிரல் திரைமேல் அப்படியே நின்றது. பிறகு போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு, வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தாள். என் மனைவி இந்த ஊரில் செய்த மிகப்பெரிய தியாகம் அதுதான் என்று நினைக்கிறேன்.

"ஏங்க, நாம இப்படித் தொலைஞ்சா யாரு தேடுவா?" என்றாள்.

விளையாட்டாகத்தான் கேட்டாள். நானும் விளையாட்டாகவே யோசித்துப் பார்த்தேன். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அம்மாள், "அவங்க ஊருக்குப் போயிருப்பாங்க" என்பாள். சாத்தூரில் கேட்டால், "அவுக பூனாவுலதான இருக்காக" என்பார்கள். இரண்டு இடத்திலும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.