ஈரத் தோலில் ஒரு கை

சாயம் ஏற்றாத தோலில் இரும்பு பட்டால் கறுத்துவிடும் என்று மேற்பார்வை அக்கா சொல்லித்தான் வேலை கொடுத்தார். எங்கள் மலையில் அப்போது புளி தட்டும் மாதம். காலையில் இரும்புக் கம்பியால் புளி தட்டிவிட்டு, சோப்பு போட்டுக் கை கழுவித்தான் பை தைக்கும் கூடத்துக்குப் போனேன். புளிப்பில் கரைந்த இரும்பு அந்தப் பாழாய்ப்போன சோப்புக்குப் போகாது என்று யாருக்குத் தெரியும்?

தைத்த பையின் ஓரத்தைத் தேய்த்து மெருகேற்ற, தோலை நனைத்து அழுத்திப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் அதில் ஒரு கை கறுப்பாக எழும்பியது. துடைத்தேன்; இன்னும் கறுத்தது. பையைக் கவிழ்த்து வைத்தேன்.

அக்கா வந்து திருப்பினார்.

"இன்னா இது? யார் கை வெச்சது?"

"தெரியலைங்கக்கா," என்றேன்.

தோலில் நான்கு விரல்கள் முழுதாக இருந்தன. அரிவாள் வெட்டிய என் சுண்டுவிரல் மட்டும் பாதியில் நின்றது.