பாதி பானட்

கள்ளக்குறிச்சி சேலம் ரோட்டில் ஹயாத் பாஷாவின் கார் பாலிஷ் கடையும் என் சீட் கவர் கடையும் ஒரே தகரக் கூரையின் கீழ் இருக்கின்றன. பாய் நல்ல மனுஷர்தான், ஆனால் பிடிவாதத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. வட்டமாக மட்டுமே சுற்றும் பழைய ரோட்டரி மெஷினைத் தவிர வேறெதையும் தொட மாட்டார். அதில் கீறல் சீக்கிரம் போகும். ஒரே இடத்தில் கொஞ்சம் நின்றாலும் சூடேறிப் பெயின்ட் வெந்துவிடும். அதனால் முன்பிடியைப் பிடித்திருக்கும் இடது கையை அவ்வப்போது எடுத்து, பெயின்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார்.

போன வருஷம் ஒரு காரின் விளிம்பில் பெயின்ட் வெந்து அடிப்பூச்சு தெரிந்தது. பிறகு இன்னொன்று. கம்பெனிக்காரன் பெயின்ட்டை மெலிசாக அடிக்கிறான் என்று பாய் சமாளித்தார். இன்னும் ஒரு கார் இப்படிப் போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான் என்று அவர் மனைவி மெகருன்னிசாவுக்குப் பயம். அந்தம்மாவே சேலம் போய்ப் புது மெஷின் வாங்கி வந்தார். அது சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும். சூடு அவ்வளவாக ஏறாது, வேலைதான் மெதுவாக நடக்கும். பாய் அதைப் பார்த்துவிட்டு, கிரைண்டர் வாங்கினியே, மாவு எங்கே என்று கேட்டார்.

ஆயுத பூஜை முடிந்து கொஞ்ச நாள் கழித்து, சின்னசேலம் பக்கத்து விவசாயி ஆதிமூலம் தன் கறுப்புக் காரை விட்டுப் போனார். பூஜையன்று பானட்டில் அள்ளிப் பூசிய மஞ்சள் குங்குமத்தை, சாமிப் பொட்டைக் கையால் அழிக்கக் கூடாது, தானாக உதிரட்டும் என்று அவர் மனைவி பச்சையம்மாள் அப்படியே விட்டுவிட்டார். அது வெயிலில் காய்ந்து பெயின்ட்டைத் தின்றிருந்தது. அந்த வாரம் மகள் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான்.

இரண்டு மெஷினையும் ஒரே பானட்டில் போட்டுப் பார்த்துவிடலாம் என்றார் மெகருன்னிசா. நடுவில் டேப் ஒட்டினார்கள். இடது பாதி பாய்க்கு, வலது பாதி அவருக்கு.

பாய் பக்கம் கறை மளமளவென்று போனது. என் மூஞ்சியே அதில் தெரிந்தது. மெகருன்னிசா இன்னும் முதல் பொட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பாய்க்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவர்தான் ஜெயிப்பார் என்று நானும் நினைத்தேன்.

டேப் முடியும் முன்விளிம்பை நெருங்கியதும் பாய் இடது கையை வைத்துப் பார்த்து, சூடில்லை என்று தலையாட்டினார். டேப்பைச் சரிசெய்ய வந்த மெகருன்னிசாவின் விரல் அதே இடத்தில் பட்டது. சுரீரென்று கையை உதறினார். பாயின் கை மட்டும் இன்னும் அங்கேயே இருந்தது. மெகருன்னிசா ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார்.

“இன்னாங்க, கை சுடலியா?”

பாய் கையைத் திருப்பிப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. வருஷக்கணக்காக அந்த மெஷினின் அதிர்வைத் தாங்கிய விரல்கள்.

“ரொம்ப நாளா வெரல்ல ஒன்னும் தெரில,” என்றார். “சொன்னா நீ மெஷின எடுத்து வெச்சிடுவன்னுதான் சொல்லல.”

எனக்குத் துக்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், என்னிடமாவது சொல்லியிருக்கலாம். மெகருன்னிசா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. ஈரத் துணியை அவர் விரல்களில் சுற்றிவிட்டு, தன் மெஷினைத் தூக்கிக்கொண்டு இடது பக்கம் வந்தார். பாய் நகர்ந்து வழிவிட்டார்.

“ஓரத்துல அழுத்தாத, சூடேறப் போவுது,” என்றார் பாய்.

“ஏறுனா எனக்குத் தெரியும்,” என்றார் மெகருன்னிசா.