நீலம் என்று நூறு தடவை

தொலைக்காட்சியில் செவ்வாய்க் கிரகத்தின் வானத்தைக் காட்டினார்கள். இளஞ்சிவப்பு. பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

எழுபத்தாறில் செண்பகனூரில் விடுதியில் தங்கிப் படித்தேன். எங்கள் ஊரான கூக்காலில், அப்பா விளைவித்த பூண்டு வீட்டுப் பரணில் புகையில் காயும். அந்த வாடை என் பாவாடையிலும் இருக்கும் என்று அறிவியல் டீச்சர் என்னைக் கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் ஒதுக்கிவைத்திருந்தாள்.

அந்த ஆண்டுதான் செவ்வாயில் ஆளில்லாத விண்கலம் இறங்கியது. முதல் வண்ணப்படத்தில் வானம் நீலமாக இருந்தது. டீச்சர் அதையே பாடமாக நடத்தினாள். நிறம் தவறிவிட்டது, வானம் இளஞ்சிவப்பு என்று விஞ்ஞானிகளே திருத்திச் சொன்னதை, ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த அப்பா ரேடியோவில் கேட்டதாகச் சொன்னார். பரீட்சையில் அப்படியே எழுதினேன்.

"யாருடி சொன்னா?"

"எங்கப்பா, டீச்சர். ரேடியோவுல கேட்டாங்களாம்."

"பூண்டு போடுறவருக்கு வானத்தப் பத்தி என்ன தெரியும்?"

மழைக்காக வானத்தையே பார்த்துக் கிடந்த மனிதரைச் சொன்னாள். வகுப்பே சிரித்தது. 'நீலம்' என்று நூறு தடவை எழுதச் சொன்னாள். எழுதினேன். அதுதான் இன்றும் ஆறவில்லை.

அவளுடைய தொண்ணூறாவது பிறந்தநாளுக்கு வாழ்த்து எழுதச் சொல்லிப் பழைய தோழிகள் அனுப்பிய அட்டை ஒரு வாரமாக மேசையில் கிடக்கிறது. கையைக் கழுவாமலே எடுத்து எழுதினேன்:

"இளஞ்சிவப்பு, டீச்சர். எங்கப்பா சொன்னதுதான் சரி."