ஈரத் துண்டு

எங்கள் ஊர் மாநில எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கம். மழை பெய்யாத மாதங்களில் கணவாய்க் காற்று புழுதியை வாரி வீட்டுக்குள் கொட்டும். என் கணவர் வளைகுடாவில் பாலைவனச் சாலை வேலை பார்த்து, நுரையீரலைக் கெடுத்துக்கொண்டு திரும்பியவர். மணற்காற்று கிளம்பினால் அங்கே கேம்ப்பில் கதவடியில் ஈரத் துண்டைச் செருகுவார்களாம். இங்கேயும் காற்று அசைந்தாலே அதைத்தான் செய்யச் சொல்வார்.

ஒரு ஜூன் மாதம் விவசாய ஆபீசான கிருஷி பவனில் தென்னைக்காரர்கள் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அரபு நாட்டுத் தூசி கடல்மேல் பரவி, வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்குவதால் நம் பருவமழை வலுக்கிறது என்றார் ஆபீசர். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வீடு சேரும்போது மழை பிடித்துக்கொண்டது. அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னேன்: "ஏனுங்க, அந்த அரபு நாட்டுப் புழுதிதான் நமக்கு மழையக் கொண்டாருதாமுங்க."

அவர் இருமி முடிக்க வெகுநேரம் ஆனது.

"தென்னைக்கு நல்லதுதான் புள்ள. எனக்குள்ள போன புழுதி மட்டும் அப்படியே கெடக்குதே" என்றார். பிறகு, "காத்தடிக்குது. துண்ட நனைச்சு வையி."

கொட்டுகிற மழையில் ஏது புழுதி? ஆனாலும் ஜன்னல் வழியே துண்டை மழையில் நீட்டி, நனைத்துக் கதவடியில் செருகினேன்.

அவர் போய்விட்டார். இப்போதும் முதல் மழைக்கு ஊரே சந்தோஷமாக வாசலில் வந்து நிற்கிறது. நான் கதவைச் சாத்தி, ஈரத் துண்டைச் செருகிவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன்.