பன்னிரண்டாவது ரௌட்டர்

லேத் பட்டறைக்கு யார் வந்து நின்றாலும் ஐந்தாவது நிமிடத்தில் அண்ணன் தங்கச்சியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன், ஃபர்ம்வேர் என்ற சொல்லை மட்டும் பிசிறில்லாமல் சொல்வான்.

"கம்பெனிக்காரன் ரௌட்டருக்குள்ள போட்டு அனுப்பினதை வழிச்செடுத்துட்டு, நாலு பேர் சேர்ந்து எல்லாருக்கும் பொதுவா எழுதி வச்சிருக்கிறதை ஏத்திடுவா. அப்புறம் அந்தப் பெட்டி அவ பேச்சைத்தான் கேக்கும். என் பேச்சைத்தான் வீட்ல ஒண்ணும் கேக்கிறதில்லை."

தங்கை கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்த்தாள். பிறந்ததிலிருந்தே இதயம் பலவீனம்; மேடேறினால் மூச்சு வாங்கும். அவர்கள் வீடு மேட்டின் அடியில். அதற்கு மேலே இருந்த பதினோரு வீடுகளுக்கு வயர் இழுக்க முடியாது என்று இணையக் கம்பெனி கைவிரித்துவிட்டது. ஆட்கள் வேண்டாமென்று கழித்துப்போட்ட சின்னச் சின்ன ரௌட்டர்களை அவள் சேர்த்தாள். உள்ளிருந்த மென்பொருளை மாற்றி, வீட்டுக்கு ஒன்றாக மாடியில் மாட்டும்படி அண்ணன் கையில் கொடுத்தனுப்பினாள். ஒன்றுக்கொன்று கைகொடுத்துக்கொண்டு, அடிவீட்டில் வந்து இறங்கிய இணையம் உச்சி வரை ஏறியது. உச்சி வீட்டு அத்தை, கடல் கடந்து போன மகளின் முகத்தைத் தினமும் பார்த்தாள். அந்த மாடியைத் தங்கை ஒருநாளும் பார்த்ததில்லை.

அவள் சொல்லச் சொல்ல அண்ணன் நோட்டில் எழுதுவான். வரிக்கு வரி அடிக்கோடு.

"அண்ணா, பரீட்சையா எழுதுற? கோடு போட்டே பாதி மையைத் தீத்துட்ட."

முதல் பக்கத்தில் இரண்டு விதிகள். மென்பொருளின் புதுப் பதிப்பை ஏற்றும்போது தூரத்து வீட்டில் தொடங்கிச் சொந்த வீட்டைக் கடைசியில் செய்ய வேண்டும். புதியதும் பழையதும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளாது, கிட்டத்தை முதலில் மாற்றினால் தூரத்தை எட்ட முடியாது. ஏறும்போது மின்சாரத்தை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ரௌட்டர் செங்கல். செத்த ரௌட்டருக்குத் தொழிலில் அதுதான் பெயர்.

வீட்டைப் பூட்டுமுன் எல்லா சுவிட்சையும் அணைத்து மெயினையும் இறக்குவது அண்ணனின் பல வருட வழக்கம். 'சுவிட்ச் சாமியார்' என்று பெயர் வைத்தவளே அவள்தான். ரௌட்டர் வந்த பிறகு மெயின் மேல் சிவப்பு டேப் ஒட்டி அந்தக் கையைக் கட்டிப்போட்டாள்.

அன்று காலை, கட்டிலில் சாய்ந்தபடியே உச்சியிலிருந்து பதினோரு வீடுகளுக்கும் புதுப் பதிப்பை ஏற்றி முடித்தாள். கடைசியாகச் சொந்த வீட்டு ரௌட்டருக்குப் பொத்தானை அழுத்தியபோது உதடு நீலம் பாரித்திருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. அவளை ஏற்றிவிட்டு வீட்டைப் பூட்ட ஓடி வந்தவனின் கை, டேப்பைப் பிய்த்துக்கொண்டு மெயினை இறக்கியது. ஆஸ்பத்திரிப் படியேறும்போதுதான் அவனுக்கு அது உறைத்தது.

மாலை ஐந்து மணிக்கு அவனை வார்டுக்குள் விட்டார்கள்.

"அண்ணா, நம்ம வீட்டு ரௌட்டர் லைட் அசையாம எரியுதா?"

"நின்னு எரியுது. நீ பேசாம படு."

"மெயினை இறக்கலையே?"

"எனக்கென்ன பைத்தியமா?"

"சரி சாமியாரே" என்று கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாள் விடியும்போது அவள் இல்லை.

அண்ணன் பட்டறைக்குப் போனான், வந்தான். நோட்டைத் திறக்கவில்லை. பொய் சொல்லி வழியனுப்பிவிட்டோமே என்றே நினைத்துக்கொண்டிருந்தான். மேட்டிலிருந்து யாரும் வந்து கேட்கவில்லை. உச்சி வீட்டு அத்தை சாப்பாடு கொண்டுவந்து வைத்தாள். ரௌட்டர் இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை.

பதினேழாம் நாள், தங்கையின் கடை முதலாளி ஏதோ ஒரு எண் வேண்டுமென்றார். தங்கையின் கைப்பேசியைச் சார்ஜில் போட்டுத் திறந்தான். அத்தை அனுப்பிய செய்தி மேலே இருந்தது.

"ஏம்மா, காலையிலேருந்து நெட் வரலை. உனக்கு உடம்பு எப்படி இருக்கு?"

கீழே அவள் பதில்: "வீட்டு ரௌட்டர் செங்கல் ஆயிருக்கும் அத்தை. அண்ணன்கிட்ட கேக்காதீங்க, ஒடிஞ்சிடுவான். ரெண்டு நாள்ல அவனே சரி பண்ணிடுவான். எல்லாம் எழுதி வச்சிருக்கான்."

அனுப்பிய நேரத்தைப் பார்த்தான். அன்று மாலை நாலு பத்து. தெரிந்துகொண்டுதான் அவனிடம் கேட்டிருக்கிறாள்.

பிறகு நோட்டை எடுத்தான். ஒன்பதாம் பக்கம், 'செங்கல் வைத்தியம்'. ரௌட்டரை வயரால் அவள் கணினியோடு இணைத்தான். ஊசியால் ரௌட்டரின் ரீசெட் ஓட்டைக்குள் அழுத்தியபடி மின்சாரம் கொடுத்தான். லைட் படபடக்கும் வரை விடக் கூடாது. இரண்டு முறை அவசரப்பட்டு விட்டுவிட்டான். மூன்றாவது முறை படபடத்தது. அவள் சேமித்து வைத்திருந்த கோப்பை ஏற்றிவிட்டு, மெயினுக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

லைட் துடித்தது, அணைந்தது, மறுபடி துடித்தது. பிறகு அசையாமல் நின்று எரிந்தது.

நோட்டில் தேதி போட்டு எழுதினான்: 'பன்னிரண்டாவது வீடு. முடிந்தது. இரண்டு நாளில் முடிய வேண்டியது, பதினைந்து நாள் தாமதம். காரணம்: அண்ணன் மெயினை இறக்கினான்.'

அடியில் கோடு போடவில்லை.