சத்வா மொட்டைமாடியில் மெக்சிகோ

வறுபட்ட மிளகாயின் நெடி ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் தளம் முழுவதையும் இரும வைத்தபோது, "நம்மூர் ஆளுக யாரோ குடி வந்திருக்காங்க" என்று சந்தோஷப்பட்ட அம்மா, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தவரோ விருதுநகர்க்காரர் இல்லை, மெக்சிகோக்காரர்.

அது இரண்டாயிரங்களின் தொடக்கம். துபாய் சத்வாவில், கீழே தையல் கடையும் மேலே மூன்று தளங்களுமாக இருந்த பழைய கட்டடத்தில் நாங்கள் குடியிருந்தோம். ராமிரோ அங்கிள், அப்பா காசாளராக இருந்த அதே ஹோட்டலின் அமெரிக்க உணவகத்துக்குத் தலைமைச் சமையல்காரராக வந்திருந்தார். மனைவியை இழந்தவர். என் வயதில் ஒரு மகள், மரிசோல். மிளகாயே எங்கள் நாட்டிலிருந்துதான் உங்களுக்கு வந்தது என்று அவர் சொன்னதை அம்மா கடைசிவரை நம்பவில்லை. "மொளகா இல்லாம நம்மாளுக எப்படிச் சாப்பிட்டிருப்பாங்க?" என்பாள்.

எங்கள் வீட்டில் அமெரிக்கா என்றால் சாமி படத்துக்கு அடுத்தபடி. டெக்சாஸில் இருந்த சித்தப்பா, காருக்கு முன்னால் நின்று எடுத்துக்கொண்ட புகைப்படம் ஷோகேஸின் நடுத்தட்டில் இருந்தது. நான் நன்றாகப் படிக்க வேண்டியதும் அங்கே போவதற்குத்தான். மரிசோல் வீட்டுக் கூடத்திலோ ஒரு பழைய வரைபடம் தொங்கியது. ஒருநாள் அவள் அதில் விரலை வடக்கே நகர்த்திக்கொண்டே போனாள்.

"இது, இது, இதெல்லாம் முன்னாடி எங்களோடது. அவங்க எடுத்துக்கிட்டாங்க."

"எங்க சித்தப்பா இருக்கற ஊர் கூடவா?"

"அதுவும்தான்."

அமெரிக்காவிடம் இழந்தவர்களும் இந்த உலகத்தில் உண்டு, அவர்கள் அதை மறக்கவும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது அன்றுதான். உங்களுக்கு அவர்கள் மேல் கோபமா என்று ராமிரோ அங்கிளையே கேட்டேன். "கோபம் எதுக்கு? பக்கத்து வீட்டுக்காரன் பெரிய ஆளு. அவன் கல்யாணத்துக்குப் போவேன், அவன் வீட்டுல வேலையும் பார்ப்பேன். ஆனா என் வீட்டு வாசல்ல என்ன இருக்கணும்னு அவன் சொல்லக்கூடாது" என்றார். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "பெரிய எடத்தோட மல்லுக்கு நிக்கிற பேச்சு. நமக்கு என்னத்துக்குப் பாப்பா அது" என்று முடித்துவிட்டார். அப்பா எதிலும் தலையிடாதவர். வேலைக்கு எடுத்த முதலாளியான கஃபீலின் கையில் விசா இருக்கும்வரை வாய் நம் கையில் இருக்க வேண்டும் என்று நினைத்தவர்.

அந்தச் செப்டம்பரில் ஊழியர் குடும்பங்களுக்கு உணவகத்தில் மதியச் சாப்பாடு ஏற்பாடாகியிருந்தது. அம்மாவோடும் மரிசோலோடும் நான் போனபோது, வாசலில் புதிதாக ஒரு சுதை பொம்மை இருந்தது. கள்ளிச் செடியடியில், அகன்ற தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு, காலை மடக்கி உட்கார்ந்தபடியே தூங்கும் மெக்சிகோ ஆள். பக்கத்தில் காலிப் புட்டி. அடுத்த வாரத்து டெக்சாஸ் உணவுத் திருவிழாவுக்காக வந்ததாம். உள்ளே போகிறவர்கள் அதன் தலையைத் தட்டிச் சிரித்துவிட்டுப் போனார்கள். மரிசோல் சிரிக்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய் அவள் அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

ராமிரோ அங்கிள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அமெரிக்க மேனேஜர் அவர் தோளில் கைபோட்டு, "சும்மா தமாஷுக்குத்தான். பிள்ளைகளுக்குப் பிடிக்கும்" என்றார்.

"என் பிள்ளைக்குப் பிடிக்கல."

"தலைமை ஆபீஸ் அனுப்பினது, ராமிரோ. இது வெளியே போனா நீயும் போகவேண்டியதுதான்."

ராமிரோ அங்கிள் குரலை உயர்த்தவில்லை. "எங்க அப்பா விடியறதுக்குள்ள வயல்ல நிக்கிறவர். இப்படி ஒரு ஆளை நான் எங்க ஊர்ல பார்த்ததே இல்லை" என்று சொல்லி, வெள்ளைத் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு குனிந்து பொம்மையைத் தூக்கப் பார்த்தார். அது அசையவில்லை. மறுபடி முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. அப்போது கல்லாவுக்குப் பின்னாலிருந்து அப்பா எழுந்து வந்தார். யாரையும் பார்க்காமல், சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கள்ளிச் செடிப் பக்கத்தைப் பிடித்தார். இரண்டு பேருமாக அதைத் தூக்கி, எங்கள் எல்லோரையும் தாண்டி, பின்வாசல் வழியாகக் குப்பைத் தொட்டி வரைக்கும் கொண்டுபோனார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த ராமிரோ அங்கிளோடுதான் நான் தினமும் ஒரே தட்டில் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன்!

வீடு திரும்பும் வழியெல்லாம் அம்மா பொரிந்தாள். "வேல போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"ஒத்த ஆளா அதத் தூக்க முடியாதுடி" என்றார் அப்பா.

அப்பாவுக்கு எச்சரிக்கைக் கடிதமும், அந்த வருடம் லீவு இல்லை என்ற தண்டனையும் கிடைத்தன. ராமிரோ அங்கிளுக்கு விசா ரத்து. "கலாஸ்", முடிந்தது என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

அவர்கள் கிளம்புவதற்கு முன் அவர்கள் நாட்டு விடுதலைத் திருநாள் வந்தது. ஊரில் இரவில் மணியடித்துச் செய்வதை ராமிரோ அங்கிள் எங்களுக்காக மாலையிலேயே வைத்துக்கொண்டார். மொட்டைமாடியில் துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கிய பச்சை, வெள்ளை, சிவப்புக் கொடி. மணிக்குப் பதில் அம்மா கொடுத்த இட்லிச் சட்டியின் மூடி. கீழே தையல் கடை பட்டாணியர் ஏறிவந்து, "க்யா பாய், ஷாதி ஹை?" என்று கல்யாணமா என விசாரித்துவிட்டு அவரும் நின்றுகொண்டார். சமையலறை ஆட்களும் வந்திருந்தார்கள். ராமிரோ அங்கிள் மூடியை அடித்து, விடுதலைக்காக உயிர்விட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூவினார். வேலையும் விசாவும் போன ஒரு மனிதரின் நெஞ்சிலிருந்து அவ்வளவு பெரிய குரல் வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் நாங்கள் "விவா!", வாழ்க என்றோம். அம்மாகூட. கடைசியில் அவர் மெக்சிகோ என்று கூவியபோது எல்லோரையும்விட உரக்கக் கத்தியது என் அப்பாதான்.

சில வருடம் மரிசோலின் மின்னஞ்சல்கள் வந்தன. எல்லையோர ஊர் ஒன்றில் தன் அப்பா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார், பாலத்தைத் தாண்டி அமெரிக்கர்களே வரிசையில் நிற்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். பிறகு முகவரி மாறிப்போனது, தொடர்பு விட்டது.

நான் இன்னும் துபாயில்தான் இருக்கிறேன். எங்கள் கட்டடத்தை இடித்து வெகு காலமாகிறது. வேலி போட்ட மணல்வெளியாகவே கிடக்கிறது. போன மாதம் அந்த வழியாகப் போனபோது வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கினேன். எங்கள் மொட்டைமாடியின் உயரம் எதுவரை வரும் என்று கண்ணால் அளந்து பார்த்தேன். நாங்கள் நின்ற இடத்தில் இப்போது வெறும் ஆகாயம்தான் இருந்தது. கழுத்து வலிக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.