ஈய எழுத்தைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு

1. திரும்ப அறுக்கணுமாம்

கள்ளக்குறிச்சியில் நான் டெக்னீஷியனாக இருக்கும் எக்ஸ்ரே சென்டருக்கு அன்று முதல் ஆளாக வந்தவர் வடக்கனந்தல் செல்லம்மா. கரும்பு வெட்டுபவர். வலது முழங்காலுக்குக் கீழே உடைந்த எலும்பில் உலோக பிளேட் வைத்திருக்கிறார்கள். நான் விடுப்பில் இருந்தபோது இங்கே எடுத்த படத்தில் அந்த பிளேட்டைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு. பிளேட் கழன்றாலும் அப்படித் தெரியும்.

"இன்னொரு தபா எடுத்துக்கினு வான்னாரு டாக்டரு. அதுலயும் கறுப்பு இருந்தா திரும்ப அறுக்கணுமாம். பயத்துல கால ஊனவே இல்லம்மா" என்றார்.

2. வெள்ளை, சாம்பல், கறுப்பு

புதிதாக வேலைக்கு வருபவர்கள் இந்த வரிசையை மனத்தில் வைக்க வேண்டும். காற்று கறுப்பு. கொழுப்பு கருஞ்சாம்பல். தசை, ரத்தம், நீர் மூன்றும் ஏறக்குறைய ஒரே சாம்பல். எலும்பு வெள்ளை. உலோகம் அதைவிட வெள்ளை.

பழைய படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். வலது காலைக் குறிக்க ஓரத்தில் 'ஆர்' என்ற ஈய எழுத்தை வைப்போம். அதைச் சுற்றியும் அதே கறுப்புக் கோடு. கழன்று விழ அந்த எழுத்து எந்த எலும்பிலும் இல்லை. ஓரங்களைக் கூர்மையாக்கும் செட்டிங்கை யாரோ உச்சத்துக்கு ஏற்றியிருந்தார்கள். அப்படி ஏற்றினால் உலோகத்தின் விளிம்பில் கம்ப்யூட்டரே கறுப்பு பூசிவிடும்.

மேனேஜரிடம் போனேன்.

"நான்தாம்மா ஏத்தச் சொன்னேன். ஜனங்க பஸ் ஸ்டாண்டுல படத்த வெயில்ல புடிச்சிப் பாக்கறாங்க. பளிச்சுனு இருந்தாத்தான் நம்ம சென்டருக்கு வருவாங்க."

"அந்தக் கறுப்பு அவங்க கால்ல இல்ல சார், நம்ம கம்ப்யூட்டர்ல இருக்கு."

"அத டாக்டர் பாத்துக்குவாரு. நீ இன்னொரு படம் எடு."

அதே செட்டிங்கில் எடுத்தால் அதே கறுப்புதான் வரும். டாக்டருக்கு போன் செய்து, அந்தக் கறுப்பு செட்டிங்கால் வந்தது போலிருக்கிறது என்றேன்.

"எனக்கும் அந்தச் சந்தேகம்தான். செட்டிங்கக் கொறைச்சு அனுப்புங்கன்னு உங்க மேனேஜர்கிட்ட அன்னைக்கே சொன்னேனே!" என்றார் அவர்.

மேனேஜர் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைய கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. தெரியாமல் செய்தால் தவறு. சொன்ன பிறகும் செய்தால் அதற்கு வேறு பெயர்.

3. வரைந்தது யார்?

செல்லம்மா மீது மறுபடி கதிர் பாய்ச்ச அவசியமே இல்லை. பதிவான படத்தின் கூர்மையைக் குறைத்தேன். ஈய எழுத்தின் கறுப்பு போயிற்று. பிளேட்டைச் சுற்றியிருந்ததும் போயிற்று. படத்தை அனுப்பியதும் டாக்டரே கூப்பிட்டு, பிளேட் உறுதியாக இருக்கிறது, நடக்கலாம் என்றார்.

"கறுப்பு எங்க போச்சி?" என்றார் செல்லம்மா.

"அது உங்க கால்ல இல்லவே இல்லீங்க. நாங்க வரைஞ்சது."

"வரைஞ்சவர இந்த டேபுள்ல படுக்க வையிம்மா. உள்ள இன்னா கீதுன்னு நான் பாக்கறேன்."

மேனேஜர் தன் அறைக்குள் போய்விட்டார். செல்லம்மா முதலில் மெதுவாக, பிறகு முழுப் பாதத்தையும் ஊன்றி வாசல்வரை நடந்தார்.

படம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று மேனேஜர் இன்றும் கேட்கிறார். நான் ஒவ்வொரு படத்திலும் எலும்பைப் பார்க்கும் முன் ஈய எழுத்தைப் பார்க்கிறேன். அதைச் சுற்றிக் கறுப்பு இருந்தால் அந்தப் படம் என் கையைவிட்டுப் போகாது.